பேட்ச் கிளாம்ப்பா, இம்பிடன்ஸா? எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்லின் மின்தன்மையை அளக்க

எலும்புச் சீரமைப்புக்கு வளர்க்கும் மஜ்ஜை ஸ்டெம் செல்லில் அயனி வாய்க்கால் (செல் சவ்வில் அயனிகள் கடக்கும் புரதத் துளை) எப்படி வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி என்றால் பேட்ச் கிளாம்ப்தான், அதாவது நுண்ணிய கண்ணாடிக் குழாயை ஒரு செல்லில் ஒட்டி மின்னோட்டம் அளக்கும் முறைதான், வேறு பேச்சில்லை. 3–5 மெகாஓம் தடையுள்ள கண்ணாடிக் குழாய், உள்ளே சுமார் 140 மில்லிமோலார் பொட்டாசியம் கரைசல். முனையைச் செல்லில் ஒட்டி லேசாக உறிஞ்சினால் தடை 1 கிகாஓமைத் தாண்ட வேண்டும். தாண்டவில்லையா, பெரும்பாலும் முனையில் அழுக்கு. துடைத்துப் பயனில்லை; செல்லுக்கொரு புதுக் குழாய். ஒட்டு கசிந்தால் சவ்வு மின்னழுத்தம் உள்ளதைவிடப் பூஜ்ஜியத்துக்கு நெருக்கமாகக் காட்டும். டிரிப்சினில் (செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கும் நொதி) அதிக நேரம் விட்ட செல்லில் சவ்வுப் புரதங்களே அரிபட்டிருக்கும். அதை அளப்பது வீண். நாளெல்லாம் உட்கார்ந்தாலும் தேறுவது சில செல்கள், அவையும் அளந்ததோடு சரி.

இம்பிடன்ஸில், அதாவது மாறுமின்னோட்டத்துக்குச் செல்கள் காட்டும் தடையை அளக்கும் முறையில், செல்கள் தங்க மின்முனைமேல் வளர்ந்துகொண்டே இருக்கும். எலும்புச் செல்லாக மாறும் 3 வாரமும் வளர்ப்புத் தட்டின் அதே குழியைத் தொடர்ந்து அளக்கலாம். சில கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் செல்களின் அடியிலும் இடுக்கிலும் போகும். அதிர்வெண் ஏற ஏறச் சவ்வை ஊடுருவும். வாய்க்கால்களைப் பற்றி இது வாய் திறக்காது. வளர்ப்புத் திரவத்தை (ஊடகம்) மாற்றியதும் தடை எகிறினால் பதற வேண்டாம், குளிர்ந்த திரவம்தான் காரணம். 37 டிகிரிக்கு வந்தபின் குறியுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் செல் இல்லாத குழி ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள்.