மாற்றுத்திறனாளி அடையாள அட்டை: மும்பையிலா, ஊரிலா?

தாராவியில் குடியிருந்தும் ரேஷன் அட்டையைத் திருநெல்வேலியிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள், யூடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள எண்) அட்டைக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று தடுமாறுகின்றன.

செல்லுபடி: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி எந்த மாநிலத்தில் பெற்ற மாற்றுத்திறன் சான்றிதழும் நாடு முழுவதும் செல்லும்.

அலைச்சல்: மும்பையில் அரசு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. ஊருக்கு ஒரு நாளுக்கு மேல் ரயில் பயணம். தம்பி மகனை அப்படி அழைத்துச் சென்றபோது, ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்திருந்ததால் கழிப்பறை வாசலின் ஈரத்தில் அவன் இருமுறை வழுக்கினான். ஊர் மருத்துவமனையிலோ மருத்துவர் வராததால் மறுவாரம் வரச் சொன்னார்கள். நடக்கவே சிரமப்படும் பிள்ளையை இப்படி அலைய விடுவது எனக்குத் தாங்கவில்லை.

மொழி: ஊரில் தமிழே போதும், இங்கே மராத்தியோ இந்தியோ தெரிந்தவர் துணைக்கு வேண்டும்.

உதவித்தொகை: முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இதுவே. அட்டை எங்கும் செல்லும் என்றாலும், மாநில அரசின் மாதாந்திர உதவி அந்தந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கே உரியது. மகாராஷ்டிரத்தின் சஞ்சய் காந்தி நிராதார் திட்டத்திற்கு 15 ஆண்டு வசிப்புச் சான்றும் குறைந்த வருமானமும் வேண்டும். தமிழ்நாட்டின் பராமரிப்பு உதவித்தொகை, அங்கே வசிக்கும் கடுமையான பாதிப்புடையோருக்கானது.

ஆகவே, பிள்ளை இங்கேயே படித்து, புறநகர் ரயிலின் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் சென்று வருபவன் என்றால், ஆதார் முகவரியை மாற்றிவிட்டு மும்பையிலேயே விண்ணப்பியுங்கள். பாட்டியோடு ஊரில் வளரும் பிள்ளைக்கு ஊரே பொருத்தம்.