அடிப்படை மாறிலிகளுக்கான நிஸ்ட் இணையத்தளம்: ஒரு மதிப்பீடு

அமெரிக்க அளவீட்டு ஆய்வு நிறுவனமான நிஸ்ட், கோடேட்டா என்ற பன்னாட்டு அறிவியல் தரவுக் குழு பரிந்துரைக்கும் இயற்பியல் மாறிலிகளின் மதிப்புகளை இணையத்தில் கட்டணமின்றி வழங்கி வருகிறது. ஒவ்வொரு மதிப்போடும் அதன் நிச்சயமின்மையையும் (அதில் இருக்கக்கூடிய பிழையின் அளவு), கேட்டால் இரு மாறிலிகளின் பிழைகள் எவ்வளவு இணைந்து மாறுகின்றன என்பதைச் சொல்லும் ஒட்டுறவுக் கெழுவையும் தருவதால், இயற்பியல் கற்பிப்பவர்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பழைய பதிப்புகளையும் நீக்காமல் வைத்திருப்பது பெரிய உதவி.

ஆனால் மாறிலிகள் காலப்போக்கில் மாறுமா என்ற கேள்வியோடு வருபவர் இந்தப் பழைய பதிப்புகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் நுண்கட்டமைப்பு மாறிலியின் தலைகீழி (ஒன்றை அதனால் வகுத்தால் வரும் எண்) 2018 பதிப்பில் 137.035999084; 2022 பதிப்பில் 137.035999177. குறிப்பிட்டிருந்த நிச்சயமின்மையைப் போல நான்கு மடங்குக்கும் மேற்பட்ட இந்த நகர்வு, புதிய அளவீடுகள் கணக்கில் சேர்ந்ததால் நேர்ந்ததே தவிர, இயற்கை மாறியதால் அன்று. பெர்க்லியில் சீசியம் அணுக்களையும் பாரிசில் ரூபிடியம் அணுக்களையும் கொண்டு இம்மாறிலிக்குப் பெற்ற முடிவுகள் தம்முள் ஒத்துப்போகவில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஒளியின் வேகத்துக்கும் பிளாங்க் மாறிலிக்கும் நேரே நிச்சயமின்மை இல்லை என்று இருப்பதும் தவறான எண்ணத்தைத் தரக்கூடும். மீட்டரை 1983இலும் கிலோகிராமை 2019இலும் இவற்றைக் கொண்டே வரையறுத்துவிட்டார்கள். அந்த அலகுகளில் அளக்கும்வரை இந்த எண்கள் மாறுவதற்கு வழியே இல்லை. ஆகவே இக்கேள்வியை நுண்கட்டமைப்பு மாறிலி போன்ற அலகற்ற எண்களிடம்தான் கேட்க வேண்டும்.

அதற்கான விடை இந்த அட்டவணையில் இல்லை என்பதே எனக்குள்ள ஒரே பெரிய குறை. காபோன் நாட்டின் ஓக்லோவில் ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் தானாகவே இயங்கிய அணு உலையின் எச்சத்தில், நியூட்ரான்களை விழுங்கும் தன்மை இம்மாறிலியைப் பொறுத்து அமையும் சமாரியம்-149 எவ்வளவு குறைந்துள்ளது என்பதைக் கொண்டு, அன்றிலிருந்து இம்மாறிலி ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுக்கு மேல் மாறியிருக்க வாய்ப்பில்லை என்று கணித்துள்ளனர். மிகத் தொலைவிலுள்ள ஒளிமிக்க விண்பொருள்களான குவாசர்களின் ஒளியில் மாற்றத்தின் அறிகுறி தெரிவதாக 1999இல் ஜான் வெப் குழுவினர் வெளியிட்ட முடிவு பிறரால் உறுதிப்படவில்லை. 2008இல் நிஸ்ட் ஆய்வாளர்களே அலுமினிய, பாதரச அயனிக் கடிகாரங்களை ஓராண்டளவு ஒப்பிட்டு, ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி கோடியில் சில பத்துப் பங்கு என்ற அளவுக்குள் எந்த மாற்றமும் தென்படவில்லை என்று காட்டினர். தம் கூரையின்கீழ் கிடைத்த இந்த வரம்பை மாறிலியின் பக்கத்திலேயே ஒரு வரியாகச் சேர்ப்பது நிறுவனத்துக்கு கடினமான வேலையன்று. அதுவரை, பதிப்புகளை அருகருகே திறந்து காட்டும் ஆசிரியர், மாறியது அளவீடுதான் என்பதை மாணவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.