செங்கோட்டை நாட்டு மருந்துக் கடை: மழைக்காலத்துக்கு வாங்க வேண்டியவையும் விட வேண்டியவையும்

ஐப்பசி பிறந்துவிட்டால் செங்கோட்டையில் மாலைப் பொழுது சட்டென்று முடிந்துவிடுகிறது. நம் பகுதியில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு என்றாலும், மேற்கே மலை மறைப்பதால் பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமன நேரத்துக்கு முன்பே வெயில் போய்விடுகிறது. வடகிழக்குப் பருவமழையின் மேகமும் சேர்ந்துகொண்டால் ஐந்து மணிக்கே வீட்டில் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. இருட்டியதும் இன்னொரு தேநீர், அதன்பின் கைப்பேசி, அதன்பின் தூக்கம் பிடிக்காத இரவு என்று பலருக்கும் இந்த மாதங்கள் கழிகின்றன. இந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ள விரும்புவோருக்கு எங்கள் கடைத்தெருவிலுள்ள பழைய நாட்டு மருந்துக் கடை எந்த அளவுக்கு உதவும் என்பதை, அங்கே தொடர்ந்து வாங்கிப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

1956 நவம்பரில் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் இது. அதனால்தானோ என்னவோ, கடையின் அலமாரியிலும் இரண்டு மரபுகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஒருபுறம் சித்த மருத்துவத்தின் சுக்குத் தைலம், அரக்குத் தைலம், திரிபலா சூரணம். மறுபுறம் கேரள ஆயுர்வேதத்தின் தன்வந்தரம், ஏலாதித் தைலங்கள், ராஸ்னாதி பொடி. கேரளத்தின் புனலூர், தென்மலைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் மலையாளத்தில் கேட்பதும், கடைக்கார அண்ணாச்சி தமிழில் பதில் சொல்லிக்கொண்டே பொட்டலம் மடிப்பதும் இங்கே அன்றாடக் காட்சி.

கடையில் முதலில் வாங்க வேண்டியது சுக்குமல்லிப் பொடி. பாக்கெட்டில் அடைத்து வைத்ததும் இருக்கிறது. ஆனால் சற்றுக் காத்திருக்கத் தயாராக இருந்தால் கண்ணெதிரே இடித்துத் தருவார்கள், அதைத்தான் வாங்க வேண்டும். ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்ற பழமொழியை இந்தக் கடையில் இன்னும் மதிக்கிறார்கள் என்பது சுக்கின் மேல்தோலை ஒரு சிறு கத்தியால் சுரண்டிய பிறகே உரலில் இடுவதிலிருந்து தெரிகிறது. வறுத்த மல்லி விதை, மிளகு, ஏலம், ஒரு துண்டு அதிமதுரம் ஆகியவை அதனுடன் சேர்கின்றன. வீட்டில் இரண்டு தம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிப் பொடி போட்டு, கருப்பட்டியைத் தட்டிச் சேர்த்து, முக்கால் பங்காக வற்றும்வரை கொதிக்கவிட வேண்டும். கருப்பட்டியில் மண் இருக்கும் என்பதால் வடிகட்டாமல் குடிக்கக் கூடாது. முதல் வாயில் மல்லியின் மணம் முன்னே வந்து, மிளகின் காரம் தொண்டையில் இறங்கிய பிறகே தெரிகிறது. பாக்கெட் பொடியில் இந்த வரிசை இல்லை. வெறும் காரம்தான் இருக்கிறது.

சுக்குக் காபி என்று நாம் அழைத்தாலும் இதில் காபித்தூள் சேர்ப்பதில்லை. இது சிறிய விஷயமன்று. உடலுக்குள் சென்ற காஃபீன் பாதியாகக் குறையவே பொதுவாக ஐந்து மணி நேரம் போல ஆகிறது. மாலை ஆறு மணித் தேநீரின் பங்கு இரவு பதினொரு மணிக்கும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். தேநீரின் இடத்தில் சூடான வேறொன்று கையில் இருக்கும்போது அதை விடுவது எளிதாகிறது. இந்தப் பொடியின் முதன்மையான பயன் இதுதான் என்று கருதுகிறேன். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரம் இல்லாமல் இடித்துத் தரச் சொல்ல வேண்டும், ஏனெனில் தொடர்ந்து உட்கொண்டால் அது அழுத்தத்தைக் கூட்டி, பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடியது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான். இந்த இரண்டையும் கடையில் தாமாகச் சொல்வதில்லை என்பது ஒரு குறையே.

அடுத்தது ராஸ்னாதி பொடி. சித்தரத்தை, தேவதாரு, மஞ்சள் முதலியவை சேர்ந்த இந்தப் பொடியை மலைக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் குழந்தைகளுக்குக்கூடக் குளித்ததும் உச்சியில் தேய்ப்பார்கள். நான் அதை எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கேட்டபோது, “தலையத் துவட்டுன பொறவு ஒரு நுள்ளு எடுத்து உச்சில தேய்ங்க, போதும்” என்றார் அண்ணாச்சி. சளியை அது தடுக்கிறது என்று என்னால் சான்று கூற முடியாது. ஆனால் ஈரத் தலையோடு மழைக்காற்றில் நிற்கும் அந்தக் கனம் குறைகிறது, மணமும் இதமாக இருக்கிறது. வெள்ளைத் துண்டில் பட்டால் கறை பிடிக்கும் என்பதைக் கவனிக்கவும்.

தைலங்களில் என் தேர்வு எளியது. வாரம் ஒருமுறை எண்ணெய்க் குளியலுக்குச் செக்கு நல்லெண்ணெயில் நான்கைந்து மிளகைப் பொரித்துச் சூடாகத் தேய்த்துக்கொண்டாலே போதும். ஏலாதி நல்லதுதான், விலை அதிகம்.

கடையில் தவிர்க்க வேண்டியது, கல்லாப்பெட்டிக்கு அருகில் அடுக்கி வைத்திருக்கும் தூக்கத் தைலம். அந்தச் சிறு கண்ணாடிப் புட்டியில் சேர்மானங்கள் இல்லை, தயாரிப்பு உரிம எண் இல்லை, தொகுப்பு எண்ணும் தேதியும் இல்லை. 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழான விதிகள் சித்த, ஆயுர்வேதத் தயாரிப்புகளுக்கும் இவற்றைக் கட்டாயமாக்குகின்றன. எவ்வளவு பழைய கடையானாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாத எதையும் உறங்கும் முன் நெற்றியில் தேய்த்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தூக்கம் சீராக, காலையில் எழுந்ததும் கால் மணி நேரம் வெளியில் நடப்பது இதைவிடப் பயனுள்ளது. மேகம் மூடிய வானத்தின் வெளிச்சம்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம், உடலின் கடிகாரம் அதைப் பார்த்துத்தான் தன் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது.

விலை நியாயமாக இருக்கிறது, எடையில் குறை கண்டதில்லை. இடித்துத் தரும் வேலை முற்பகலில் மட்டுமே நடக்கிறது. கார்த்திகை பிறந்துவிட்டால் அச்சன்கோவிலுக்கும் ஆரியங்காவுக்கும் சபரிமலைக்கும் செல்லும் வண்டிகள் புளியரைச் சாலையை நிறைத்துவிடும், கடையிலும் மாலை போட்டவர்களின் கூட்டம்தான். ஆகவே தென்காசியிலிருந்தோ அப்பாலிருந்தோ வருபவர்கள் ஐப்பசிக்குள்ளேயே வந்து, இரண்டு மாதத்துக்குச் சேர்த்து இடித்து வாங்கிக்கொள்வது நல்லது. காற்றுப் புகாத டப்பா கொண்டுவாருங்கள், இங்கே காகிதப் பொட்டலம்தான்.