பெங்களூருக்குக் குடிபோகிறீர்கள், டிஎன் வண்டியை என்ன செய்யலாம்?

வேலை கிடைத்து, வீடு பார்த்து, அட்டிபெலே தாண்டி வந்து சேர்ந்த முதல் மாதமே எல்லோரும் கேட்பது, "டிஎன் நம்பரோடு எத்தனை நாள் ஓட்டலாம்?" அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் முப்பது நாள் என்பார், அலுவலக நண்பர் ஒரு வருஷம் என்பார். நண்பர் சொல்வதுதான் சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால்தான் புது எண் வாங்க வேண்டும். முப்பது நாள் பேச்சுக்கும் காரணம் உண்டு. அத்தனை நாளுக்கு மேல் இருக்கும் வெளிமாநில வண்டிக்கு வாழ்நாள் வரி கேட்டு 2014இல் கர்நாடகம் வரிச் சட்டத்தைத் திருத்தியது. உயர்நீதிமன்றம் 2016இல் அதை ரத்து செய்தது. பழைய பயம் மட்டும் இன்னும் போகவில்லை.

லைசென்ஸ் பற்றிக் கவலையே வேண்டாம். தமிழ்நாட்டில் எடுத்தது நாடு முழுக்கச் செல்லும், புதுப்பிக்கும் நாள் வந்தால் இங்கேயே புதுப்பிக்கலாம். கர்நாடகத்தில் இன்னொன்று புதிதாக எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒருவர் இரண்டு லைசென்ஸ் வைத்திருப்பது குற்றம்.

இனி வண்டி. ஒரு வருஷத்துக்குள் ஊர் திரும்பிவிடுவோம் என்று உறுதியாகத் தெரிந்தால் டிஎன் எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். செலவு இல்லை. ஆனால் வண்டி எப்போது உள்ளே வந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் கழித்த கணக்கு, ஊரில் சர்வீஸ் விட்ட பில், இரண்டையும் போனில் சேமித்து வையுங்கள். சில வாரம் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போக வரும் பெற்றோருக்கும் இது போதும்.

மூன்று நான்கு வருஷமாவது இங்கேதான் என்றால் கேஏ, அதாவது கர்நாடக எண்ணுக்கு மாறுவதே நல்லது. இதில்தான் பலர் இடறுகிறார்கள். முதலில் வண்டி பதிவான ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும். லோன் பாக்கி இருந்தால் அதற்கு முன்பே வங்கியின் சம்மதக் கடிதம் தேவை. நான் கோவையிலிருந்து வந்தபோது, எனக்கே தெரியாமல் என் பெயரில் கிடந்த ஒரு போக்குவரத்து அபராதம் என்ஓசியை வாரக்கணக்கில் நிறுத்திவிட்டது. அதனால் விண்ணப்பிக்கும் முன் வண்டி எண்ணைப் போட்டு நிலுவைச் சலான் இருக்கிறதா என்று ஆன்லைனில் பார்த்துவிடுங்கள்.

என்ஓசி கைக்கு வந்ததும், கோரமங்கலா, ஜெயநகர், கே.ஆர்.புரம் என்று உங்கள் வீடு எந்த ஆர்டிஓ எல்லைக்குள் வருகிறதோ அங்கே படிவம் 27 கொடுத்து, வண்டியைக் காட்டி, வரி கட்ட வேண்டும். கர்நாடக வாழ்நாள் வரி கனமானது. 5 லட்சம் வரை விலையுள்ள புது பெட்ரோல் காருக்கு 13 சதவீதம், 10 லட்சம் வரை 14, 20 லட்சம் வரை 17, அதற்கு மேல் 18. ஓடிய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள். தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியது திரும்பக் கிடைக்கும். ஆனால் புது ஆர்சியை (பதிவுச் சான்றை) காட்டித்தான் அதைக் கேட்க முடியும். இங்கே முழுதாகக் கட்டி, அங்கே விண்ணப்பித்துக் காத்திருக்கும் மாதங்களில் இரண்டு வரிப் பணமும் உங்கள் கையிலிருந்து போயிருக்கும். இதைக் கணக்கில் வைக்காமல் இறங்கி, நடுவில் கடன் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வழி, 2021 செப்டம்பரில் வந்த பிஎச் (பாரத்) வரிசை; மாநிலம் மாறினாலும் இந்த எண்ணை மாற்ற வேண்டாம். ராணுவம், மத்திய மாநில அரசு, பொதுத்துறை ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் கிடைக்கும். தனியார் என்றால் நிறுவனம் படிவம் 60இல் சான்று தர வேண்டும். வரியை மொத்தமாக வாங்காமல் இரண்டிரண்டு ஆண்டாக வாங்குவார்கள். விகிதம் (இரண்டாண்டுக்கு அல்ல, முழுக் காலத்துக்கும் சேர்த்து) 10 லட்சத்துக்குள் 8 சதவீதம், 20 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12; டீசலுக்கு 2 கூடும், மின்வண்டிக்கு 2 குறையும். ஊர் ஊராக மாற்றலாகும் வேலை என்றால், புது வண்டி வாங்கும்போது இதற்கு இணையில்லை. 2022 டிசம்பர் திருத்தத்தால் பழைய வண்டியையும் மாற்றலாம். ஆனால் தவணையை மறந்தால் நாளுக்கு 100 ரூபாய் அபராதம் ஏறும். விற்கும்போது வாங்குபவருக்குத் தகுதி இல்லையென்றால் அவர் மாநில எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அதைக் காட்டி விலையைக் குறைப்பார்.

பத்து வயது தாண்டிய வண்டியா? மாற்றவே வேண்டாம், விற்றுவிடுங்கள் என்பேன். இன்னும் ஐந்து ஆண்டில் ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டிய வண்டிக்கு வரியும் அலைச்சலும் கட்டுப்படியாகாது. தமிழ்நாட்டிலேயே விற்றால் வாங்குபவருக்கு என்ஓசி தொல்லை கிடையாது, உங்களுக்கும் விலை குறையாது.

எது ஆனாலும், கேஏ எண்ணுக்கு மாறுகிறவர்கள் பத்தாவது மாதமே என்ஓசிக்கு எழுதிப் போடுங்கள். எண் பலகை மாறிய அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஃபாஸ்டேக் தந்த வங்கிக்கும் புது எண்ணைத் தெரிவித்துவிடுங்கள். பாலிசியில் பழைய எண் இருந்தால் விபத்து நேரத்தில் அந்த விளக்கத்திலேயே நாட்கள் போகும்.