டயாலிசிஸ் வேணாம்னு சொன்ன அப்பாவோட கடலூர்ல மூணு வாரம்

நாங்க இருக்கிறது சிங்கப்பூர், ஜூன்ல பசங்களுக்கு ஸ்கூல் லீவு, சரின்னு மூணு வாரம் கடலூர் போயிட்டு வந்தேன். போறப்பவே அப்பாவுக்குன்னு லக்கேஜ்ல நாலு பாக்கெட் லோ சோடியம் உப்பு வாங்கி வச்சேன், பிபிக்கும் கிட்னிக்கும் உப்பு ஆகாது இது நல்லதுன்னு சிங்கப்பூர் சூப்பர்மார்க்கெட்ல தேடிப் பிடிச்சு வாங்கினது. அந்த உப்பு கதைக்கு அப்புறம் வர்றேன்.

அப்பாவுக்கு 81 வயசு. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், சுகர் வந்து முப்பது வருஷம் ஆச்சு, சர்க்கரை மில்லுக்காரனுக்கு சர்க்கரை வராம என்னன்னு அவரே சொல்லி சிரிப்பார். பைபாஸ் பண்ணியாச்சு, ஹார்ட் பம்ப்பிங் ரொம்ப கம்மி. நான் போய் இறங்கின வாரம் எடுத்த டெஸ்ட்ல கிரியாட்டினின், அதாவது கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு, 5.8. கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு சொல்ற ஈஜிஎஃப்ஆர் 9. அது 15க்கு கீழ போனாலே கடைசி ஸ்டேஜ்.

முதல்ல போனது ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேர் வேணாம். ரிப்போர்ட்டைப் பார்த்த ரெண்டாவது நிமிஷம் "இந்த வாரமே கழுத்துல டியூப் போட்டு டயாலிசிஸ் ஆரம்பிச்சிடலாம், அப்புறம் கையில ரத்தக்குழாயை இணைச்சு ஃபிஸ்டுலா பண்ணிக்கலாம், கார்டு இருக்குல்ல, இன்சூரன்ஸ்ல வந்துடும்"னு என்னைப் பார்த்து சொன்னாங்க. அப்பா பக்கத்துலயே தான் உட்கார்ந்திருக்கார். "பண்ணலைன்னா என்ன ஆகும் சார்?"னு அவரே கேட்டார். "அப்ப வீட்டுக்கு கூட்டிட்டுப் போயிடுங்க, எங்களால ஒண்ணும் பண்ண முடியாது." அவ்வளவு தான், அடுத்த பேஷண்ட் உள்ள வந்தாச்சு.

எனக்கும் அன்னிக்கு வேற வழி இருக்குன்னு தெரியாது, அதையும் சொல்லணும். சிங்கப்பூர்ல பிளாக்குக்கு கீழயே டயாலிசிஸ் சென்டர் இருக்கும், வேலைக்குப் போறப்ப தினம் பார்த்துக்கிட்டே போறது, எங்க பக்கத்து வீட்டு மலாய்க்காரர் 58 வயசுல வாரம் மூணு நாள் அங்க போயிட்டு மிச்ச நாள்ல டாக்ஸி ஓட்டுறார். கிட்னி போச்சுன்னா டயாலிசிஸ், இல்லன்னா சாவு, இது தான் என் மனசுல இருந்தது. அப்பா மட்டும் "எனக்கு வேணாம் பாப்பா"ன்னு சொல்லிட்டே இருந்தார். பயத்துல சொல்றார்னு நான் நினைச்சேன்.

தம்பி தான் பாண்டியில இன்னொரு கிட்னி டாக்டர்கிட்ட காட்டிடலாம்னு சொன்னான். காலையில ஆறு மணிக்கே கார் எடுத்தோம், கன்னியகோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு டிராஃபிக்ல ஊர்ந்து போய்ச் சேர்றதுக்குள்ள அப்பா சோர்ந்துட்டார். அந்த ஒரு தடவை போறதுக்கே இப்படி. இதை டாக்டர்கிட்ட சொன்னேன், அவங்க சிரிக்கல, எழுதிக்கிட்டாங்க. அப்புறம் அப்பாகிட்ட திரும்பி "ஐயா, உங்களுக்கு ஒரு நாள் எப்படி போகும்?"னு கேட்டாங்க. காலையில திண்ணையில பேப்பர், பத்து மணிக்கு ரெண்டு பென்ஷன் நண்பர்கள் வருவாங்க, சாயங்காலம் முடிஞ்சா பாடலீஸ்வரர் கோயில் வரைக்கும் ஆட்டோல, ஞாயித்துக்கிழமை மீன். இதை ரொம்ப சீரியஸா கேட்டுட்டு, டயாலிசிஸ்னா வாரம் மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், போக வர நேரம் தனி, உங்க ஹார்ட்டுக்கு மெஷின்ல இருக்கும்போதே பிபி இறங்கலாம், அன்னிக்கு மிச்ச நாள் அசதியா படுத்திருப்பீங்கன்னு பொறுமையா சொன்னாங்க. 75 தாண்டி இதய நோயும் சேர்ந்து இருக்கிறவங்களுக்கு டயாலிசிஸால கிடைக்கிற கூடுதல் நாள் ரொம்ப கம்மியாகிடும், அந்த நாள்லயும் நிறைய ஆஸ்பத்திரியிலயே போயிடும்னாங்க.

ராத்திரி உட்கார்ந்து நானே படிச்சேன். 2009ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வு, முதியோர் இல்லத்துல இருந்துக்கிட்டு டயாலிசிஸ் ஆரம்பிச்ச 3702 பேரைப் பத்தினது, ஒரு வருஷத்துல 58 சதவீதம் பேர் இறந்துட்டாங்க, முன்னாடி இருந்த அளவுக்கு தன் வேலையை தானே பார்த்துக்கிட்டது 13 சதவீதம் தான். அவங்க எல்லாம் ஏற்கனவே ரொம்ப தளர்ந்தவங்க, அப்பாவை அப்படியே அதுல பொருத்திட முடியாது. இதையும் அந்த டாக்டர் தான் சொன்னாங்க, 80 வயசுல நல்ல தெம்பா இருக்கிற சிலர் டயாலிசிஸ்ல நல்லாவே இருக்காங்க, 60 வயசுக்காரர் வேணாம்னா நான் விடமாட்டேன்னு. யூரின் அடைப்பு ஏதாவது இருக்கான்னு ஸ்கேன் பார்த்தாங்க, கடையில வலி மாத்திரை வாங்கி சாப்பிட்டீங்களான்னு ரெண்டு தடவை கேட்டாங்க, ஏன்னா அப்படி இருந்தா அதை சரி பண்ணினாலே கிட்னி கொஞ்சம் திரும்பலாமாம். அப்பாவுக்கு அப்படி எதுவும் இல்ல.

அப்புறம் தான் "டயாலிசிஸ் இல்லாமலே நாங்க பார்த்துக்குவோம், எப்ப வேணா மனசு மாறலாம்"னாங்க. கன்சர்வேட்டிவ் கேர்னு பேர். மெஷின் மட்டும் தான் இல்ல, மருந்து, ஊசி, செக்கப் எல்லாம் உண்டு. முதல் ஆஸ்பத்திரியில இந்த ஒரு வாக்கியத்தை சொல்லியிருந்தா ஒரு வாரம் தூக்கம் போயிருக்காது.

இப்ப உப்பு. அந்த பாக்கெட்டை பெருமையா எடுத்து டாக்டர் மேசை மேல வச்சேன். பின்பக்கம் படிச்சுட்டு "இதுல சோடியத்துக்கு பதிலா பொட்டாசியம் குளோரைடு இருக்கும்மா, கிட்னி போனவங்களுக்கு இதைக் குடுத்தா ஹார்ட்டே நின்னு போகலாம்"னாங்க. மகள் பாசமா வாங்கிட்டு வந்த உப்பு! நாலு பாக்கெட்டும் குப்பையில போட்டுட்டு சாதா உப்பையே பாதியா குறைச்சோம். இளநீர் வேணாம், கீரை, கிழங்கு எல்லாம் வேகவச்சு தண்ணியை வடிச்சுட்டு. பண்ருட்டி பலா சீசன் வேற, தெரு முழுக்க வாசனை. பலாவுலயும் பொட்டாசியம் அதிகம், ஆனா ரத்தத்துல பொட்டாசியம் சரியா இருக்கிறவரைக்கும் எப்பவாவது ஒரு சுளை பரவால்லன்னு அவங்களே சொன்னாங்க, இந்த வயசுல சாப்பாட்டையும் பிடுங்கிக்கிட்டா அப்புறம் எதுக்கு இந்த வைத்தியம்னாங்க. அந்த ஒரு சுளையை அப்பா கால் மணி நேரம் சாப்பிட்டார்.

ஊர்ல வந்து எல்லாத்தையும் நாமளே கோர்க்கணும், ஒரே இடத்துல கிடைக்காது, அது தான் கஷ்டம். வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஊற போடுற எரித்ரோபாய்டின் ஊசி, அதை 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும், மெடிக்கல்லேர்ந்து ஐஸ் பேக் வச்சு வாங்கிட்டு வர்றது, கரண்ட் போனா தம்பி பொண்டாட்டி ஃப்ரிட்ஜ் கதவையே யாரையும் தொடவிட மாட்டா. ரத்தம் எடுக்க லேப் பையன் வீட்டுக்கே வந்துட்டான், ஃபோன் பண்ணினா காலையில ஏழுக்கு வாசல்ல பைக் நிக்கும், இதுல ஊர் உண்மையிலேயே முன்னேறிடுச்சு.

எதிர்பார்க்காம கிடைச்சது மக்களைத் தேடி மருத்துவம் சிஸ்டர். 2021ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச திட்டம், பிபி சுகர் மாத்திரை வீட்டுக்கு குடுக்கறதுன்னு மட்டும் நினைச்சிருந்தேன், படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு நோய் தணிப்பு சிகிச்சையும் பிசியோதெரபியும் அதுலயே இருக்கு. பக்கத்து சுகாதார நிலையத்துல பேர் குடுத்தோம், வந்தாங்க. வந்த முதல் நாளே "ஐயாவுக்கு காலையில வேர்க்குதா, கை நடுங்குதா?"ன்னு கேட்டாங்க. ஆமா, தினமும். குளுக்கோமீட்டர் வச்சா 58, ரொம்ப கம்மி. கிட்னி வேலை செய்யலன்னா இன்சுலின் உடம்புலேர்ந்து சீக்கிரம் போகாது, பழைய டோஸே அதிகமாகிடும், அப்பா சுகர் கன்ட்ரோல்ல இருக்குன்னு நாங்க சந்தோஷப்பட்டுட்டு இருந்தோம்! உடனே பாண்டி டாக்டருக்கு ஃபோன், டோஸ் பாதியாச்சு. இந்த திட்டம் தமிழ்நாட்டுக்கு மட்டும் தான், பக்கத்துல பாண்டியில இருக்கிற எங்க பெரியம்மாவுக்கு இது கிடையாது, நடுவுல மாநில எல்லை.

கிட்னியால வர்ற அரிப்பு தான் அப்பாவை படுத்தினது. ராத்திரி முழுக்க முதுகை சொரிஞ்சு ரத்தம் வரும். கபாபென்டின் 100 மில்லிகிராம், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஏன்னா அதுவும் கிட்னி வழியா தான் வெளிய போகணும், ஜாஸ்தியானா ஒரே மயக்கமா இருக்கும். கூடவே குளிச்ச ஈரத்தோட தேங்காய் எண்ணெய். நாலாவது நாள் காலையில அப்பா எழுந்து "நேத்து தூங்கினேன்"னு சொன்னார், அம்மா போனதுக்கு அப்புறம் அவர் முகத்துல அப்படி ஒரு தெளிவு நான் பார்க்கல.

இதுக்கு நடுவுல அத்தை. முதுநகர்லேர்ந்து வந்து கூடத்துல உட்கார்ந்து "வெளிநாட்டுல சம்பாதிக்கிற, எங்க அண்ணனுக்கு மெஷின் வைக்க காசு இல்லையா உனக்கு"ன்னு அழுதுட்டாங்க. கார்டுல டயாலிசிஸ் இலவசம் அத்தை, காசுக்காக இல்லன்னா புரியல. கடைசியில அப்பாவே "நான் தான்டி வேணாம்னேன், அவளை ஏன் திட்டுற, உட்காரு காபி குடி"ன்னார். அத்தை காபி குடிச்சாங்க. சமாதானம் ஆனாங்கன்னு சொல்ல மாட்டேன்.

அத்தை போனதும் அப்பா "எழுதி வச்சிடலாம்"னார். ராத்திரி மூச்சு வாங்கினா யாராவது பதறி 108ஐ கூப்பிடுவாங்க, அங்க போனா டியூப், மெஷின்னு ஆரம்பிச்சிடுவாங்க, அது தான் அவர் பயம். உயில் மாதிரி வைத்தியத்துக்கும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம்னு 2018ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அப்ப மாஜிஸ்திரேட் கிட்ட போகணும்னு இருந்ததை 2023ல நோட்டரி போதும்னு சுலபமாக்கிட்டாங்க. மஞ்சக்குப்பத்துல ரெண்டு நோட்டரிக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல, மூணாவது ஆள் ஃபோன்ல தீர்ப்பைத் தேடிப் படிச்சுட்டு போட்டுக் குடுத்தார். சாட்சி ரெண்டு பேரும் அந்த பத்து மணி பென்ஷன் நண்பர்கள். ஒரு காப்பி பீரோல, ஒண்ணு டாக்டர்கிட்ட, ஒண்ணு ஃப்ரிட்ஜ் மேல காந்தம் வச்சு, ஊசி எடுக்கறப்ப எல்லாம் கண்ணுல படும். மூச்சு வாங்கினா முதல்ல என்ன குடுக்கணும், யாருக்கு ஃபோன் பண்ணணும்னு டாக்டர் எழுதின சீட்டும் அதுக்கு பக்கத்துலயே.

நான் திரும்பி வந்து ரெண்டு மாசம் ஆகுது. கால் வீக்கம் மறுபடி ஏறுச்சு, நீர் பிரிய குடுக்கற லேசிக்ஸ் மாத்திரை டோஸ் கூட்டியிருக்காங்க. கோயிலுக்கு இப்ப போறதில்ல, திண்ணை வரைக்கும் தான். நேத்து வீடியோ கால்ல பலா சீசன் முடிஞ்சிடுச்சான்னு கேட்டேன், "ஒரு சுளைக்கு சீசன் இருந்தா என்ன இல்லன்னா என்ன"ன்னுட்டு ஃபோனை பேரன்கிட்ட குடுத்துட்டார். டிசம்பர் வரைக்கும் காத்திருக்காம அடுத்த மாசமே டிக்கெட் போட்டுட்டேன், எனக்கு மட்டும்.