தேஜொனில் ஆறு ஆண்டுகள்: ரொட்டி, வெண்ணெய், சீஸ் தேடிய அனுபவம்

தென்கொரியாவின் தேஜொன் நகரில் ஆறு ஆண்டுகளாக வசித்து வருகிறோம். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் ஜெர்மனியில் இருந்தோம். பிள்ளைகள் இருவரும் அங்கே பிறந்தவர்கள் என்பதால், ரை என்ற தானியத்தின் மாவில் சுட்ட கறுத்த ரொட்டியில் வெண்ணெய் தடவி ஒரு துண்டு சீஸ் வைத்துத் தின்பதுதான் அவர்களுக்குக் காலைச் சாப்பாடு. ஆகவே 2019ஆம் ஆண்டு வசந்தத்தில் இங்கு வந்து இறங்கியபோது, புளிக்கும் துவரம்பருப்புக்கும் முன்னால் நான் தேட வேண்டியிருந்தது ரொட்டியையும் வெண்ணெயையும்தான். கொரியாவுக்கு வேலைக்கோ ஆராய்ச்சிக்கோ வரவிருக்கும் நண்பர்கள், குறிப்பாக ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ சில காலம் வாழ்ந்துவிட்டு வருபவர்கள், இது பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொரியாவில் ஏறக்குறைய எல்லாமே கிடைக்கும். சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பொருள் வேறாக இருக்கும். அந்த வேறுபாட்டைச் சொல்லும் சொல் உறையில் கொரிய எழுத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கும். இதை உணர எனக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது.

வெண்ணெயையே எடுத்துக்கொள்ளுங்கள். வந்த முதல் வாரத்தில் அருகிலிருந்த கடையில் மஞ்சள் உறையில் மலிவாகக் கிடைத்த ஒரு கட்டியை வாங்கி வந்தேன். ரொட்டியில் தடவியபோது வெண்ணெயின் மணமே இல்லை. உறையைக் கைப்பேசியில் படம் எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் பார்த்தபோதுதான் அது 'காகொங் பொதொ', அதாவது தாவர எண்ணெய் கலந்து பதப்படுத்திய வெண்ணெய் என்பது புரிந்தது. 'காகொங்' என்ற சொல் பெயருக்கு முன்னால் இல்லாத வெண்ணெயே பாலிலிருந்து மட்டும் எடுத்தது. அதிலும் 'முயொம்' என்றால் உப்பில்லாதது, 'காயொம்' என்றால் உப்பிட்டது. சீஸுக்கும் இதே விதிதான்: 'காகொங்' என்று இருந்தால் பதப்படுத்தியது, 'ஜாயொன்' என்று இருந்தால் இயற்கையானது. தயிர் வாங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். 'பிளெயின்' என்று கொரிய எழுத்தில் போட்டிருக்கும் தயிரில் சர்க்கரை இருப்பது இங்கே சாதாரணம். 'முகாதாங்' என்ற சொல் இருந்தால் மட்டுமே சர்க்கரை சேர்க்காதது என்று நம்பி வாங்கலாம். நம் வீட்டுக்கு இது மிகவும் முக்கியம், ஏனென்றால் உறை ஊற்றுவதற்கும் அந்தத் தயிரைத்தான் பயன்படுத்துகிறோம். ஹங்குல் எனப்படும் கொரிய எழுத்துகளை ஒரு வார இறுதியில் படித்துவிட முடியும். கொரிய மொழி பேச வராவிட்டாலும், இந்த ஐந்தாறு சொற்களை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ரொட்டியின் கதை இவ்வளவு எளிதாக முடியவில்லை. கொரியர்கள் ரொட்டியைச் சோற்றுக்கு மாற்றாகப் பார்ப்பதில்லை. அது அவர்களுக்கு இடைப்பலகாரம். நாம் மாலையில் பஜ்ஜியோ போண்டாவோ தின்பது போல அவர்கள் இனிப்பு ரொட்டி தின்கிறார்கள். அதனால்தான் தெருவுக்குத் தெரு பேக்கரி இருந்தும் உப்பும் புளிப்பும் கூடிய கனத்த ரொட்டியைத் தேடி அலைய வேண்டியிருந்தது. பூண்டு ரொட்டிகூட இனித்தது. பிள்ளைகள் முதல் கடியிலேயே என் முகத்தைப் பார்த்தார்கள். தேஜொனில் 1956ஆம் ஆண்டு ரயில் நிலையத்தின் முன் ஆவியில் வேகவைத்த பன் விற்கும் கடையாகத் தொடங்கிய சொங்சிம்தாங் என்ற புகழ்பெற்ற பேக்கரி இருக்கிறது. அதன் பொரித்த சொபொரோ பன்னுக்காக வெளியூர்களிலிருந்து ரயிலில் வந்து வரிசையில் நின்று வாங்கிப் போகிறார்கள். உள்ளே சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்து, மேலே மொறுமொறுப்பான பொடி ஒட்டிப் பொரித்தது அது. மிக அருமையான பண்டம். இன்று எங்கள் பிள்ளைகளுக்கும் அது பிடித்தமானது. ஆனால் அது காலை ரொட்டியின் இடத்தை நிரப்பாது.

கடைசியில் ரொட்டியை வீட்டிலேயே சுடுவது என்று முடிவெடுத்தோம். கொரிய அடுக்ககங்களில் அடுப்பு இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஓவன் இருக்காது. எங்கள் வீட்டிலும் இல்லை. 2020இல் விமானப் போக்குவரத்து முடங்கி, ஊருக்குப் போய்வரும்போது பெட்டியில் ரொட்டியும் சீஸும் கொண்டுவரும் வழி அடைபட்ட பிறகு, மேசைமேல் வைக்கும் ஓவன் ஒன்றை வாங்கினேன். மாவு வாங்கும்போது மூன்று சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்: கேக்குக்கு 'பாங்ன்யொக்', பொதுப் பயன்பாட்டுக்கு 'ஜுங்ன்யொக்', ரொட்டிக்கு 'காங்ன்யொக்'. கடையில் கண்ணில் படும் சாதாரண மாவு பெரும்பாலும் நடுவிலுள்ளது. அதில் ரொட்டி சுட்டால் தளர்ந்து பரந்துவிடும். முழுக்கோதுமை 'தொங்மில்', ரை 'ஹொமில்'. ரை மாவைப் பெரிய மார்ட்டுகளில் நான் பார்த்ததே அரிது. பேக்கரித் தொழிலுக்கான பொருட்களை விற்கும் இணையக் கடைகளில் அது எப்போதும் கிடைக்கிறது. வாரம் இரண்டு ரொட்டி என்ற கணக்கில் ஐந்து ஆண்டுகளாகச் சுட்டு வருகிறேன். இட்லி மாவைப் புளிக்க வைத்துப் பழகிய கைக்கு, ரொட்டியைப் பொங்கவைக்கும் புளிமா வளர்ப்பது அந்நியமாக இருக்கவில்லை. இங்குள்ள குளிர்காலத்தில் தரை முழுவதும் சூடாகும் ஒந்தொல் வெப்ப அமைப்பு இருப்பதால், பாத்திரத்தைத் தரையில் ஒரு துணிமேல் வைத்தாலே மாவு பொங்கிவிடும்.

எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். பெரிய மார்ட்டுகளில் ஓட்ஸ், பாஸ்தா, தகர டப்பாத் தக்காளி, ஆலிவ் எண்ணெய், நிலக்கடலை வெண்ணெய், பொதுவான சில சீஸ் வகைகள் எல்லாம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் நாட்காட்டியைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. சிறுகடைகளையும் பாரம்பரியச் சந்தைகளையும் காப்பதற்காக 2012 முதல் பெரிய மார்ட்டுகள் மாதத்தில் இரண்டு நாள் மூடப்பட வேண்டும் என்ற விதி இருக்கிறது. பல ஊர்களில் அது இரண்டாம், நான்காம் ஞாயிறு. தேகூ நகரம் 2023இல் அதைத் திங்களுக்கு மாற்றியது. வந்த புதிதில் இது தெரியாமல் இரண்டு பிள்ளைகளையும் பேருந்தில் அழைத்துச் சென்று, மூடிய கதவின் முன் நின்று திரும்பினோம்.

எங்கள் வீட்டுச் சீஸும் வெண்ணெயும் பெரும்பாலும் காஸ்ட்கோ என்ற, உறுப்பினர்களுக்கு மட்டும் விற்கும் பெருங்கடையிலிருந்து வருகின்றன. தேஜொனில் ஒரு கிளை உண்டு, பக்கத்துச் செஜொங் நகரிலும் உண்டு. உறுப்பினர் ஆண்டுக் கட்டணம் 2025 மே முதல் 43,000 வொன். கடன் அட்டைகளில் ஹூண்டாய் அட்டையை மட்டுமே 2019 முதல் ஏற்கிறார்கள். அது இல்லாத புதியவர்கள் ரொக்கம் எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே எல்லாம் பெரிய அளவில்தான் கிடைக்கும் என்பதால் நானும் தொடக்கத்தில் கணக்குத் தவறினேன்; ஒரு பெரிய சீஸ் கட்டியில் பாதி பூஞ்சை பிடித்துப் போனது. இப்போது இன்னொரு குடும்பத்துடன் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்கிறோம். வெண்ணெயை நூறு கிராம் துண்டுகளாக வெட்டி உறைபெட்டியில் வைக்கிறேன், துருவிய சீஸையும் அப்படியே. நாள்பட்ட செடார் சீஸ் உறைந்தால் உதிர்ந்துவிடுகிறது, அதை மட்டும் சிறிய அளவில் வாங்குகிறேன்.

விலை பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் யோசிக்காமல் கூடையில் போட்ட சீஸை இங்கே விலையைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க முடிகிறது. கொரியா தன் பால்பண்ணையாளர்களைக் காப்பதற்காக இறக்குமதிச் சீஸுக்கு 36 சதவீதமும் வெண்ணெய்க்கு 89 சதவீதமும் அடிப்படைச் சுங்கவரி வைத்திருந்தது. 2011 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்துடனும் 2012 மார்ச்சில் அமெரிக்காவுடனும் வணிக ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தபின் அந்த வரி ஆண்டுக்காண்டு குறைந்து வந்திருக்கிறது. ஐரோப்பிய வெண்ணெய் வகைகள் இன்று சாதாரண மார்ட்டிலும் அடுக்கப்பட்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எங்களுக்கு முன்பே இங்கு வந்து தங்கியவர்கள், ஹோம்பிளஸ் மார்ட்டை பிரிட்டனின் டெஸ்கோ நடத்திய காலத்தில் அந்நிறுவனத்தின் பிஸ்கட்டும் ஆரஞ்சு மர்மலேடும் வாங்கியதை இன்றும் ஏக்கத்தோடு பேசுவார்கள். டெஸ்கோ 2015இல் அதை விற்று வெளியேறியது. அதற்கு முன்பே, 2006இல், வால்மார்ட்டும் கார்ஃபூரும் கொரியாவை விட்டுப் போயிருந்தன.

சீஸ் என்றால் இறக்குமதிதான் என்று நான் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது இம்சில் என்ற சிற்றூர். பெல்ஜியத்தைச் சேர்ந்த பாதிரியார் திதியே செர்ஸ்தெவான்ஸ், கொரியப் பெயரில் ஜி ஜொங்-ஹ்வான், 1964இல் அந்த மலைப்பகுதிக்கு வந்தார். வறுமையில் இருந்த உழவர்களுக்கு வருமானம் தேட இரண்டு ஆடுகளோடு தொடங்கி, பலமுறை தோற்று, 1967இல் சீஸ் செய்து காட்டினார். 2019 ஏப்ரலில், நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த சில வாரங்களில், அவர் மறைந்தார். அவர் பெயரை அன்று நாங்கள் அறிந்திருக்கவில்லை. பிறகு ஒரு விடுமுறையில் இம்சிலுக்குப் போனோம். அங்கு வாங்கிய சீஸ் ஐரோப்பியச் சீஸைப் போல் கூர்மையானதல்ல, மென்மையானது. ஆனால் பாலின் சுவை தெளிவாக இருந்தது. வெளிநாட்டுப் பொருள் ஒன்று ஒரு ஊரின் பிழைப்பாகவே மாறிவிட்டதைப் பார்த்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்தது. பூசானில் உள்ள கங்தொங் சந்தையிலும் இதே உணர்வு வந்தது. 'கங்தொங்' என்றால் தகர டப்பா. கொரியப் போருக்குப் பின் அமெரிக்கப் படையிடமிருந்து வெளிவந்த டப்பா உணவுகள் விற்கப்பட்டதால் அந்தப் பெயர். ஸ்பாம் என்ற டப்பா இறைச்சி இன்று சூசொக் என்ற அறுவடைப் பண்டிகைக்குப் பரிசுப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் பண்டமாக இருப்பதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

இணையத்தில் வாங்குவது இந்நாட்டின் பெரும் வசதி. கூபாங், குர்லி போன்ற நிறுவனங்களில் இரவில் பதிவு செய்தால் விடிவதற்குள் வாசலில் பொருள் இருக்கும். குர்லியில் இரவு 11 மணிக்கு முன் என்பது கெடு. பாஸ்லி, தைம், டில் போன்ற தழைகளைச் சிறு அளவில் புதிதாக வாங்க இதைவிட நல்ல வழி இல்லை. கொத்தமல்லித்தழைக்குக் 'கோசு' என்று தேடுங்கள். கொண்டைக்கடலைக்குப் 'பியொங்ஆரி கொங்' என்று பெயர், கோழிக்குஞ்சுப் பயறு என்று பொருள். அதன் மூக்கைப் பார்த்து வைத்த பெயராக இருக்கும் என்று என் மகள் சொன்னாள்.

ஆனால் கணக்குத் தொடங்குவதுதான் கடினம். கைப்பேசி எண் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும், அந்தப் பெயர் வெளிநாட்டவர் அடையாள அட்டையில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி பொருந்த வேண்டும். நம்மவர்களுக்கு இது தனிச் சிக்கல். தலைப்பெழுத்தை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருப்போம். சிலருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். ஓர் இணையக் கடையில் என் பெயர் நீளம் கட்டத்துக்குள் அடங்காமல் நான்கு மாதம் சரிபார்ப்பு தோற்றுக்கொண்டே இருந்தது. வந்தவுடன் வங்கி, கைப்பேசி, அடையாள அட்டை மூன்றிலும் பெயரை ஒரே வரிசையில் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கத் தனிநபர் சுங்க எண் வேண்டும். 'P' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கிப் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணை இணையத்திலேயே இலவசமாகப் பெறலாம். உணவுப் பொருட்களுக்கு 150 டாலர் வரை வரி இல்லை. அதைத் தாண்டினால் கூடுதல் தொகைக்கு மட்டுமல்லாமல் மொத்தத்துக்கும் வரி விழும் என்பதால், நான் 130 டாலரோடு நிறுத்திக்கொள்கிறேன். இறைச்சியை மட்டும் எந்த வழியிலும் கொண்டுவர முயல வேண்டாம். எங்களைப் பார்க்க வந்த தோழி ஒருவர் பிள்ளைகளுக்காக ஆசையாக வாங்கிவந்த சலாமியை விமான நிலையத்திலேயே ஒப்படைத்துவிட்டு வர நேர்ந்தது.

மாதம் ஒருமுறை அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம் பயணித்துச் சியோலின் இதேவொன் பகுதிக்கும் போவோம். 1976இல் திறக்கப்பட்ட மத்திய மசூதியைச் சுற்றியுள்ள தெருக்களில் வெளிநாட்டு மளிகைக் கடைகள் நெருங்கி நிற்கின்றன. உறைந்த ஆட்டிறைச்சி, டப்பா அவரை, துவரம்பருப்பு, கடுகு, ஐரோப்பிய ஊறுகாய் வகைகள் என எங்கள் வீட்டின் இரண்டு சமையலுக்கும் வேண்டியவை ஒரே தெருவில் கிடைப்பது அங்கு மட்டும்தான். விலை இணையத்தைவிடக் கூடுதலாக இருந்தாலும், நேரில் புரட்டிப் பார்த்து, கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் அந்த அரை நாளை நான் விட்டுவிட விரும்புவதில்லை.

ஜெர்மனியின் குவார்க் எனப்படும் மென்மையான தயிர்ச்சீஸை மட்டும் இங்கு நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. முகாதாங் தயிரை மெல்லிய துணியில் கட்டி இரவு முழுதும் குழாயில் தொங்கவிட்டால் ஏறத்தாழ அதே பதம் வருகிறது; சிறிது கெட்டிப்பட்டால் மறுநாள் ரொட்டிக்கு, இன்னும் இளக்கமாக இருந்தால் பழத்தோடு. வடிந்த நீரை வீணாக்காமல் ரொட்டி மாவு பிசையப் பயன்படுத்துகிறேன்.