விம்மில் சொல் நிறைவு: கன்ட்ரோல்+என் போதுமா, கோக் வேண்டுமா?

விம் என்ற உரைத் திருத்தியில் பாதி அடித்த சொல்லை முடித்துத் தர கன்ட்ரோல்+என் விசைகள் போதுமா, கோக் (coc.nvim) என்ற செருகுநிரலும் வேண்டுமா? யாங்கோனில் நிரல் பழகும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது.

நிறுவல்: கன்ட்ரோல்+என் விம்முக்குள்ளேயே இருக்கிறது. கோக்குக்கு அதை ஓட்டும் நோட்.ஜேஎஸ் மென்பொருள், அப்புறம் நிரல் மொழிக்கொரு நீட்சி, எல்லாம் இறக்க வேண்டும்.

அறிவு: கன்ட்ரோல்+என் பெரும்பாலும் திறந்திருக்கும் கோப்புகளில் உள்ள சொற்களையே காட்டும். நீளமான மாறிப் பெயரில் மூன்று எழுத்து அடித்து அழுத்தினால் மீதி வந்துவிடும். மேலே பிழையாக எழுதியிருந்தால் அந்தப் பிழையும் கூடவே வரும். கோக், நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் மொழிச் சேவையகம் என்ற தனி நிரலைக் கேட்டு, அந்த இடத்துக்குப் பொருந்தும் செயற்கூறுகளை (ஃபங்ஷன்) அவற்றின் அளபுருக்களோடு (பாராமீட்டர்) தரும்.

சுமை: மொழிச் சேவையகம் நினைவகத்தைத் தின்னும். கரண்ட் போய் லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது நான் கோக் இல்லாமல்தான் எழுதுகிறேன்.

எஸ்எஸ்ஹெச் (தொலைவில் உள்ள கணினியை இயக்கும் வழி) மூலம் நுழைந்து அமைப்புக் கோப்பு திருத்துபவருக்குக் கன்ட்ரோல்+என் தாராளம். டைப்ஸ்கிரிப்ட் மொழியில் பெரிய வேலையா, சரி, கோக்கையே வையுங்கள். அதை இறக்கச் செலவாகும் டேட்டா வீண் போகாது.